கப்பலில் வராத தட்டு

ஓய்வு பெற்ற மூன்றாவது மாதம், மழைக்கு ஒதுங்கிய இடத்தில் எனக்கு இரண்டாவது வேலை கிடைத்தது.

கிள்ளான் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் இருக்கும் பழைய கடை வரிசையின் அஞ்சடி நடைபாதையில் நின்றுகொண்டிருந்தேன். சாரல் அடிக்க அடிக்கப் பின்னால் நகர்ந்ததில் ஒரு கடையின் கண்ணாடி முதுகில் இடித்தது. திரும்பிப் பார்த்தேன். உள்ளே என் வயதுள்ள சீனப் பெண்மணி ஒருவர் மேசை விளக்கின் கீழ் ஒரு பீங்கான் கிண்ணத்தைக் கவிழ்த்து வைத்து, அதன் அடியை ஸ்குரூ டிரைவரால் குத்திக்கொண்டிருந்தார். கிண்ணத்தின் மேல் சாம்பல் நிறத்தில் ஏதோ கெட்டியாகப் படிந்திருந்தது. அவர் குத்தும் ஒவ்வொரு குத்துக்கும் என் பல் கூசியது.

நான் முப்பது வருடங்களுக்கு மேல் அரசாங்கப் பல் மருத்துவப் பிரிவில் தாதியாக, ஊர் வாயில் மிஸ்ஸியாக, இருந்தவள். மடக்கு நாற்காலியையும் கருவிப் பெட்டியையும் வேனில் ஏற்றிக்கொண்டு காப்பார், பந்திங், கேரித்தீவு என்று பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகப் போய்ப் பிள்ளைகளின் பல்லைச் சுரண்டியவள். பல்லில் படிந்த காரையை எடுப்பதில் ஒரு கோணம் இருக்கிறது. கருவியை நிமிர்த்திக் குத்தினால் பல் கீறும். படுக்க வைத்துத் தள்ளினால் காரை தானாக விட்டு வரும். அந்த அம்மாள் நிமிர்த்திக் குத்திக்கொண்டிருந்தார். எனக்குப் பொறுக்கவில்லை. கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனேன்.

"அப்படிக் குத்தக் கூடாது, சாய்த்துப் பிடிக்க வேண்டும்" என்று மலாய் மொழியில் சொன்னேன்.

அவர் தலையை நிமிர்த்தி, என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டுத் தமிழில் கேட்டார். "நீங்க என்ன, டாக்டரா?"

"டாக்டர் இல்ல. பல்லு மிஸ்ஸி."

"மிஸ்ஸியா? அப்ப உக்காருங்க. நீங்க செஞ்சு காட்டுங்க."

இவருக்கு எப்படி இவ்வளவு தமிழ் என்று நான் விழித்ததைப் பார்த்து, அவரே சொன்னார். "அப்பா கடை எஸ்டேட் வாசல்ல. தமிழ் பேசலைன்னா சாமான் விக்காது லா."

மழை விட்ட பிறகும் நான் எழுந்திருக்கவில்லை. கைப்பையில் இருந்த கொண்டை ஊசியை வளைத்து, அந்தக் கிண்ணத்தின் ஓரத்தில் ஒரு விரற்கடை அளவுக்குச் சுத்தம் செய்தேன். அடியில் நீல நிறத்தில் ஒரு கோடு தெரிந்தது. ஏதோ இலையின் நுனி. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு அந்தக் கோட்டையே பார்த்தார்.

"நாளைக்கு வரீங்களா மிஸ்ஸி?" என்றார்.

அன்றிலிருந்து நான் அவருக்கு மிஸ்ஸி, அவர் எனக்கு அக்கா. வாரத்தில் மூன்று காலைகள் பண்டமாரான் வீட்டிலிருந்து என் கணவர் என்னைக் காரில் கொண்டுவந்து விடுவார்.

அக்காவின் கணவர் ஒரு முக்குளிப்பாளர். பல நூறு வருடங்களுக்கு முன் சீனாவிலிருந்து பீங்கான் ஏற்றிக்கொண்டு வந்து, நம் கிழக்குக் கரைக்கு அப்பால் மூழ்கிப்போன ஒரு கப்பலில் வேலை செய்த குழுவில் அவரும் ஒருவர். அரசாங்க அனுமதியோடு நடந்த வேலை. அருங்காட்சியகத்துக்குப் போக வேண்டியது போய், மிச்சத்தில் குழுவில் இருந்தவர்களுக்கும் பங்கு கிடைத்தது. அவர் தன் பங்கைக் கடைக்குக் கொண்டுவந்து, கொஞ்சம் கொஞ்சமாகச் சுத்தம் செய்து, காட்சிக்கு வைத்து விற்றார். பாதி முடிவதற்குள் மாரடைப்பில் போய்விட்டார். மிச்சம் கடையின் பின்கட்டில் ஒன்பது நீலப் பீப்பாய்களில் தண்ணீருக்குள் கிடந்தது.

தண்ணீரில் ஏன் என்று முதல் வாரமே கேட்டேன். கடலுக்கடியில் கிடந்த பீங்கானுக்குள் உப்பு ஏறியிருக்குமாம். அப்படியே காய விட்டால் உப்பு உள்ளே கட்டியாகி, மேலே இருக்கும் பளபளப்பைச் செதில் செதிலாக உரித்துவிடுமாம். அதனால் நல்ல தண்ணீரில் ஊறப் போட்டு, வாரா வாரம் தண்ணீரை மாற்றி, உப்பை வெளியே இழுக்க வேண்டும். மீன் தொட்டி வைத்திருப்பவர்கள் தண்ணீரைச் சோதிக்கப் பேனா போல ஒரு கருவி வைத்திருப்பார்கள். அக்காவிடமும் ஒன்று இருந்தது. அதைப் பீப்பாயில் நனைத்தால் எண் காட்டும். குழாய்த் தண்ணீரின் எண்ணும் பீப்பாயின் எண்ணும் ஒன்றாகும்வரை ஊற வேண்டும்.

"அவரு போனப்புறம் எத்தனை வருஷமா தண்ணி மாத்துறீங்க அக்கா?"

"கணக்கு வைக்கல. வியாழக்கிழமை வந்தா மாத்துவேன். அவ்வளவுதான்."

இரண்டாவது வாரம் ஒரு நல்ல பல் கருவிப் பெட்டி வாங்கிக்கொண்டு போனேன். முதலில் மூங்கில் குச்சி, அடுத்து மெல்லிய ஊசிக் கருவி, கடைசியில் பழைய பல் துலக்கி. பாதிக் கிண்ணங்களில் மான், சிலவற்றில் பூவும் தும்பியும். ஒரு கிண்ணம் முடிக்க எனக்கு நான்கு காலைகள் ஆகும். பள்ளிப் பிள்ளைகளைப் போல இவை வாயை மூடிக்கொள்வதில்லை, அழுவதில்லை, என் விரலைக் கடிப்பதில்லை. வேலை எனக்கு மிகவும் பிடித்துப்போனது.

முதல் கிண்ணத்தை முடித்துக் கவிழ்த்தபோது, அதன் அடி வளையத்தை ஒட்டி மூன்று இடங்களில் பளபளப்பு ஏறாமல் இருந்தது. அழுக்கு என்று நினைத்துத் தேய்த்தேன், போகவில்லை. அக்கா சிரித்தார். கிண்ணத்தைச் செய்தவர் பளபளப்புக் குழம்பில் தோய்த்தபோது பிடித்திருந்த விரல் தடமாம். நான் என் விரல்களை அந்த மூன்று இடத்திலும் வைத்துப் பார்த்தேன். கட்டைவிரல் சரியாகப் பொருந்தியது, மற்ற இரண்டும் பொருந்தவில்லை. அவருக்கு என்னைவிடச் சின்னக் கை.

அன்று என்னைக் கூட்டிப்போக வந்த கணவரிடம் அதைக் காட்டினேன். அவர் துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். கிண்ணத்தை வாங்கி ரொம்ப நேரம் வைத்திருந்தார். "சீனாவுல இருந்து வர்ற மங்குத் தட்டெல்லாம் பெட்டி பெட்டியா எத்தனை வருஷம் எறக்கியிருப்பேன். ஒண்ணைக்கூட இப்படிக் கையில பிடிச்சதில்ல" என்றார். பிறகு, "இந்தக் கப்பலும் எங்க போர்ட்டுக்கு வந்திருந்தா நான் பத்திரமா எறக்கியிருப்பேன் லா" என்று சொல்லிவிட்டு, அக்கா கொடுத்த சீனத் தேநீரைக் குடித்தார்.

இப்படி ஒரு வருடம் போனது. ஒரு செவ்வாய்க்கிழமை, பிரிக்பீல்ட்ஸிலிருந்து ஒருவர் வந்தார்.

எழுபது வயது இருக்கும். இஸ்திரி போட்ட முழுக்கைச் சட்டை. மடியில் வைத்தே கொமுட்டர் ரயிலில் கொண்டுவந்ததாகச் சொல்லி, துண்டில் சுற்றிய ஒரு பொருளை மேசையில் வைத்தார். ரயில்வேயில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவராம். கிள்ளானில் உறவினர் வீட்டுக்கு வந்தபோது எங்கள் கடையின் கண்ணாடியில் கிண்ணங்களைப் பார்த்தாராம்.

துண்டை விரித்தார். பெரிய தட்டு. நடுவில் நீல டிராகன். ஓரம் முழுவதும், பாறையிலும் படகின் அடியிலும் வளருமே, அந்த மாதிரிச் சின்னச் சின்னக் கூர்ச் சிப்பிகள் ஒட்டியிருந்தன. ஒரு சிப்பிக் கொத்து சரியாக டிராகனின் முகத்தில் உட்கார்ந்திருந்தது.

"மலாக்காவுல வாங்கினது மிஸ்ஸி. எட்டு வருஷம் ஆச்சு. கடலுக்கடியில கிடந்து எடுத்தது" என்றார். உட்காராமலே கதையைத் தொடங்கிவிட்டார். மூன்று பாய்மரம், சீனத்துப் பட்டு, பீங்கான், மாலுமிகள், திடீரென்று கிளம்பிய புயல், பாய் கிழியும் சத்தம், ஒரு பக்கமாகச் சாயும் கப்பல். கார்டு கொடி அசைப்பது போலக் கையை ஆட்டி ஆட்டிச் சொன்னார். நானும் அக்காவும் வேலையை விட்டுவிட்டுக் கேட்டோம். அவ்வளவு நன்றாகச் சொன்னார்.

"மகள் செமினியில புது வீடு வாங்கியிருக்கா. குடி போறப்ப இதைக் கொடுக்கலாம்னு இருக்கேன். டிராகன் மூஞ்சியை மறைக்கிற சிப்பியை மட்டும் எடுத்துடுங்க. மத்தது இருக்கட்டும், அதுதானே அழகு. அப்புறம் ஒரு லெட்டர் வேணும். இது கப்பல்ல இருந்து எடுத்ததுதான்னு உங்க கடை பேர்ல ரெண்டு வரி. ஃபிரேம் போட்டுத் தட்டுப் பக்கத்துல மாட்டுவேன்."

சரி என்றோம். தட்டைத் தனி வாளியில் ஊறப் போட்டேன். ஒரு வாரம் கழித்து அந்தப் பேனாவை நனைத்துப் பார்த்தால், குழாய்த் தண்ணீரின் எண்ணே காட்டியது. தண்ணீர் மாற்றி இன்னும் ஒரு வாரம் விட்டேன். அதே எண். உப்பே இல்லாத தட்டு.

ஊசிக் கருவியை எடுத்து டிராகன் முகத்துச் சிப்பியின் அடியில் சாய்வாக நுழைத்தேன். நான் தள்ளுவதற்கு முன்பே அது 'டக்'கென்று முழுசாகக் கழன்று மேசையில் உருண்டது. எடுத்துத் திருப்பினேன். அடிப்பக்கம் தட்டையாக, மஞ்சளாக, ஜெல்லி மிட்டாய் போல மினுங்கியது. கோந்து. தானாக வளர்ந்தது இப்படி வராது. பல் காரையைப் போல அது மேற்பரப்பைக் கவ்விக்கொண்டிருக்கும், கொஞ்சம் கொஞ்சமாகத்தான் பொடியும். இன்னும் நான்கைத் தொட்டுப் பார்த்தேன். எல்லாம் மஞ்சள் கோந்து. யாரோ புதுத் தட்டில் சிப்பியை ஒட்டிக் கடல் தட்டு என்று விற்றிருக்கிறார்கள்.

ஓரத்தில் ஒரே ஒரு சிப்பி மட்டும் வேறு மாதிரி இருந்தது. அதைச் சுற்றி வெள்ளையாகப் பனி படர்ந்தது போல ஒரு தடம். அறுந்த செருப்பை என் கணவர் சூப்பர் குளூ வைத்து ஒட்டினால் அதே மாதிரி வெள்ளை படரும். இந்தத் தட்டில் இரண்டு பேர் கை வைத்திருக்கிறார்கள் என்று மட்டும் புரிந்தது. அது யார் என்று புரியவில்லை.

அக்காவிடம் காட்டினேன். அவர் சிப்பியை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்துவிட்டுக் கீழே வைத்தார்.

"மூஞ்சியை மட்டும் சுத்தம் பண்ணிக் கொடுத்துடலாமா அக்கா? பாவம், எவ்வளவு ஆசையா கதை சொன்னாரு."

"கொடுக்கலாம். லெட்டர் யாரு எழுதுறது?"

நான் கழன்ற சிப்பிகளை ஒரு மூடியில் பொறுக்கிப் போட்டேன்.

"என் புருஷன் தண்ணிக்குள்ள போய் எடுத்துட்டு வந்தாரு மிஸ்ஸி. ஒவ்வொரு தடவை அவரு இறங்குறப்பவும் நான் இங்க சாப்பிடாம இருப்பேன். அந்தக் கடை பேரைக் கோந்துக்குக் கீழ எழுத முடியாது." பிறகு குரலைத் தணித்துக்கொண்டு சொன்னார். "போன்ல சொல்லாதீங்க. தட்டை எடுத்துட்டுப் போங்க. மூஞ்சியைப் பாத்துச் சொல்லுங்க."

வேலையில் சேர்ந்த புதிதில் நான் பிள்ளைகளிடம் "வலிக்காது கண்ணு" என்று சொல்லித்தான் ஊசி போடுவேன். வலித்ததும் அவர்கள் என்னைப் பார்க்கும் பார்வையைத் தாங்க முடியாமல், "கொஞ்சம் வலிக்கும், சீக்கிரம் முடிஞ்சிடும்" என்று மாற்றிக்கொண்டேன். வேலையை விடும்வரை அதையே சொன்னேன். ஆனால் அது எட்டு வயதுப் பிள்ளைகளுக்கு. எழுபது வயது மனிதருக்கு இதை எப்படித் தொடங்குவது என்று ரயில் சென்ட்ரல் நிலையம் போய்ச் சேரும்வரை யோசித்தும் எனக்கு ஒன்றும் அகப்படவில்லை.

பிரிக்பீல்ட்ஸில் அவருடைய வீடு பழைய அடுக்குமாடியில் மூன்றாவது மாடி. கதவைத் திறந்தவர் அவருடைய மனைவி. குட்டையான, சுறுசுறுப்பான பெண்மணி.

"வாங்க மிஸ்ஸி. நீங்க வரீங்கன்னு கேட்டதும் வடை வாங்கப் போயிருக்காரு. உக்காருங்க."

உட்கார்ந்தேன். எதிரே கண்ணாடி அலமாரி. அதன் நடு அடுக்கு காலியாக இருந்தது. இருபுறமும் இருந்த வெள்ளி டம்ளர்களும் பொம்மைகளும் ஒதுங்கி வழி விட்டது போல நின்றன. மடியில் இருந்த துண்டுப் பொட்டலத்தை நான் இரண்டு கையாலும் பிடித்திருந்தேன். அந்த அம்மாள் அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"கண்டுபிடிச்சிட்டீங்களா?" என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "உங்களுக்குத் தெரியுமா?"

"வாங்கின வருஷமே தெரியும். தீபாவளிக்கு அலமாரியைத் துடைச்சேன். ஈரத் துணி பட்டதும் ஓரத்துல இருந்த ஒண்ணு கையோட வந்துடுச்சு. திருப்பிப் பார்த்தா கோந்து. கீழ கடையில சூப்பர் குளூ வாங்கியாந்து ஒட்டி வச்சேன். விரல் ரெண்டும் ஒட்டிக்கிச்சு, பிரிக்கிறதுக்குள்ள உயிர் போச்சு."

வெள்ளைத் தடத்தின் கதை இதுதான்.

"ஏன் அவருகிட்ட சொல்லல?"

அவர் வாசல் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "ரிட்டயர் ஆகி வந்து ஒரு வருஷம் மனுஷன் பேசல மிஸ்ஸி. கோபமெல்லாம் இல்ல. பேசுறதுக்கு ஒண்ணும் இல்ல, அவ்வளவுதான். ரயில்ல இருந்தப்ப நாள் பூரா ஆளுங்களோட பேசிக்கிட்டே இருந்தவரு. மலாக்கா போய் இந்தத் தட்டை வாங்கினப்புறம்தான் வீட்டுக்கு வர்றவங்ககிட்ட வாயைத் திறந்தாரு. அதைப் போய் எப்படிக் கெடுக்கிறது? சரி, இப்ப நீங்க என்ன சொல்லப் போறீங்க?"

"உண்மையைத்தான். லெட்டர் கேக்குறாரே."

அவர் யோசித்தார். "சொல்லுங்க. மகள் வீட்டுல மாட்டி, அங்க யாராச்சும் கண்டுபிடிச்சு அவர் மூஞ்சிக்கு நேரா சிரிச்சா அது வேற. ஆனா நான் ஒட்டினதை நீங்க சொல்ல வேணாம். அதை நான் பாத்துக்கிறேன்."

கதவு திறந்தது. வடைப் பொட்டலத்தோடு வந்தவர், என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்து, "முடிஞ்சிடுச்சா?" என்றார்.

நான் துண்டை விரித்தேன். டிராகனின் முகம் சுத்தமாகத் தெரிந்தது. "அண்ணே, ஒண்ணு சொல்லணும். கேக்கக் கொஞ்சம் கஷ்டமா இருக்கும்" என்று தொடங்கி, சுற்றி வளைக்காமல் சொன்னேன். கழன்ற சிப்பியை அவர் உள்ளங்கையில் வைத்தேன். அவர் அதைத் திருப்பி மஞ்சள் கோந்தை நகத்தால் அழுத்திப் பார்த்தார். வடைப் பொட்டலத்தை மேசையில் வைத்துவிட்டுப் பால்கனிக்குப் போய் எங்களுக்கு முதுகைக் காட்டி நின்றார். கீழே ஒரு ரயில் போனது. அது போய் முடியும்வரை நின்றார்.

"எட்டு வருஷமா ஊரெல்லாம் சொல்லியிருக்கேன்" என்றார், திரும்பாமலே. "ஒருத்தனுக்கும் தெரியலையே."

"எனக்குத் தெரியும்" என்றார் மனைவி.

அவர் திரும்பினார்.

அந்த அம்மாள் எழுந்து தட்டின் ஓரத்தைத் தொட்டார். "இந்தச் சிப்பி நான் ஒட்டினது. தீபாவளிக்குத் துடைக்கிறப்ப விழுந்துச்சு."

"எந்தத் தீபாவளி?"

"முதல் தீபாவளி."

"எட்டு வருஷமா உனக்குத் தெரியுமா? ஒவ்வொரு தடவை நான் கதை சொல்றப்பவும் நீ பக்கத்துலதானே நின்னே?"

"நின்னேன். அந்தப் புயல் வர்ற இடம் எனக்கு ரொம்பப் பிடிக்கும்."

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தபடி நின்றார்கள். நான் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் வடைப் பொட்டலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். முதலில் ரயில்வேக்காரரின் தோள்தான் குலுங்கியது. அழுகிறார் என்று நினைத்தேன். சிரித்துக்கொண்டிருந்தார். சத்தமில்லாமல் தொடங்கி, இருமல் வரும்வரை சிரித்தார்.

"சூப்பர் குளூவாலயா?" என்றார் கண்ணைத் துடைத்துக்கொண்டு.

"விரல் ரெண்டும் ஒட்டிக்கிச்சு. அன்னைக்கு ரசத்துக்கு உப்புப் போட மறந்துட்டேன். நீங்க கத்தினீங்க."

"அது இதுக்கா?"

அதன் பிறகு மூவரும் வடை சாப்பிட்டோம். மிச்சச் சிப்பிகளை எல்லாம் எடுத்துவிடலாமா என்று கேட்டேன். எடுத்துவிடுங்கள் என்றவர், கொஞ்சம் பொறுத்து, "இவ ஒட்டினது மட்டும் இருக்கட்டும்" என்றார். அந்த மேசையிலேயே எடுத்தேன். மஞ்சள் கோந்து வெந்நீரில் இளகிக் கையோடு வந்தது. சூப்பர் குளூ சிப்பி மட்டும் ஓரத்தில் தனியாக நின்றது. அழகான தட்டுதான். அன்று மாலையே அதில் பப்பாளி வெட்டி வைத்ததாகப் பிறகு கேள்விப்பட்டேன்.

கிளம்பும்போது அந்த அம்மாள் வாசல்வரை வந்து, "இனிமே என்ன பேசப் போறாருன்னுதான் தெரியல" என்றார். எனக்கும் ரயிலில் அதே யோசனையாக இருந்தது. அக்காவிடம் நடந்ததை எல்லாம் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டே கிண்ணங்களைத் துடைத்தார்.

"வியாழக்கிழமை வரச் சொல்லுங்க" என்றார். "ரெண்டு பேரையும்."

வந்தார்கள். அக்கா அவர்களைப் பின்கட்டுக்கு அழைத்துப்போய், ரயில்வேக்காரரைச் சட்டைக் கையை முழங்கைக்கு மேல் மடித்துக்கொள்ளச் சொன்னார். "உள்ள கையை விடுங்க. மெதுவா. கைக்கு எது வருதோ எடுங்க."

பீப்பாயில் கையை விட்டவர் சட்டென்று அசையாமல் நின்றார். பிறகு இரண்டு கைகளாலும் ஒரு கிண்ணத்தை மேலே கொண்டுவந்தார். சேறும் சுண்ணாம்புமாக, பார்க்கச் சகிக்காத ஒரு கிண்ணம். தண்ணீர் அவர் முழங்கையிலிருந்து சொட்டியது.

"கப்பல் மூழ்கினப்புறம் இதைப் பாத்த மூணாவது ஆளு நீங்க" என்றார் அக்கா. "முதல்ல என் புருஷன். அப்புறம் நான்."

அதற்குமேல் அவரை வீட்டுக்கு அனுப்புவதுதான் சிரமமாக இருந்தது. வியாழக்கிழமைதோறும் கொமுட்டரில் வந்து தண்ணீர் மாற்றும் வேலையை எடுத்துக்கொண்டார். ரயில்வே கார்டு அல்லவா, பீப்பாய் ஒன்றுக்கு ஒரு பக்கம் என்று நோட்டுப் புத்தகம் போட்டு எண்களை எழுதினார். கடைக்கு வருகிறவர்களிடம் கப்பல் கதை சொன்னார். நிஜக் கிண்ணம் இப்படி இருக்கும் என்று காட்டிவிட்டு, தன் தட்டின் கதையையும், தான் ஏமாந்ததையும், மனைவி ஒட்டியதையும் சொல்வார். அந்த இடத்தில்தான் எல்லோரும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். புயலை அவர் விடவில்லை. அக்காவும் ஒன்றும் சொல்லவில்லை. புயல் இருந்திருக்கலாம், யார் கண்டது.

மகளுக்குக் கொடுக்க ஒரு கிண்ணம் தேர்ந்தெடுக்கும்படி அக்கா அவரிடம் சொன்னபோது, அலமாரியில் இருந்த குறையில்லாத கிண்ணங்களை எல்லாம் பார்த்துவிட்டு, கடைசி வரிசையில் இருந்த ஒன்றை எடுத்தார். சூளையிலேயே ஒரு பக்கம் லேசாகச் சாய்ந்துபோன கிண்ணம். உள்ளே இரண்டு கோட்டில் வரைந்த ஒரு மீன்.

"இது கோணல் அண்ணே, வேற எடுங்க" என்றேன்.

"வளைவுல ரயில் இப்படித்தான் சாயும்" என்றார். "இதுவே இருக்கட்டும்." அக்கா உட்கார்ந்து, கடை பெயர் அச்சடித்த தாளில் இரண்டு வரி எழுதி, கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

செமினியில் அந்தப் புது வீட்டுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் நாங்கள் மூவரும் போனோம். என் கணவர் காரோட்ட, அக்கா முன்னால், நான் பின்னால். அக்கா கருநீலத்தில் ஒரு பட்டுச் சட்டை போட்டுக்கொண்டு வந்தார். பால் பொங்கி, சாப்பாடு முடிந்து, வந்தவர்கள் கூடத்தில் உட்கார்ந்தபோது கிண்ணம் எல்லார் கைக்கும் போய் வந்தது. சொல்லச் சொல்லிக் கேட்டார்கள், அவரும் சொன்னார். கதை முடிந்ததும் மருமகனின் அம்மா, "அந்தக் கப்பல்ல இருந்த ஆளுங்க என்ன ஆனாங்க?" என்று கேட்டார்.

எட்டு வருடத்தில் இதை யாரும் அவரிடம் கேட்டதில்லை போலிருக்கிறது. அவர் அக்காவைப் பார்த்தார்.

"என் புருஷன்கிட்ட நானும் கேட்டிருக்கேன்" என்றார் அக்கா. கூடத்தில் இருந்த எல்லோரும் அவர் பக்கம் திரும்பினார்கள். "கீழ ஆளு எலும்பு ஒண்ணுகூட பாக்கலைன்னு சொன்னாரு. கரை ரொம்பத் தூரமில்ல. சின்னப் படகுல ஏறிப் போயிருப்பாங்கன்னு அவரு நினைச்சாரு. போய் இந்த ஊருலயே கல்யாணம் கட்டியிருப்பாங்கன்னு சொல்லிச் சிரிப்பாரு."

அக்கா தன் கணவரைப் பற்றி இத்தனை பேர் நடுவில் பேசியதை அன்றுதான் பார்த்தேன். பிறகு எல்லோரும் அக்காவைச் சுற்றி உட்கார்ந்துகொண்டார்கள். தண்ணீருக்கடியில் பேச முடியுமா, குளிருமா, சுறா வருமா என்று ஒரே கேள்வி. அவர் தமிழில், தமிழ் போதாத இடத்தில் மலாயில், கையையும் காலையும் அசைத்துப் பதில் சொல்லிக்கொண்டிருந்தார். ரயில்வேக்காரர் ஒரு மூலையில் உட்கார்ந்து, வாய் திறக்காமல், கேட்டுக்கொண்டிருந்தார். பக்கத்தில் அவர் மனைவி.

கிளம்பும்போது அந்த வீட்டுப் பெண் ஆளுக்கொரு டப்பாவில் பாயசம் ஊற்றிக் கொடுத்தாள். காரில் அக்கா அதை மடியில் நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு வந்தார். காஜாங் தாண்டியதும், தூங்கிவிட்டார் என்று நாங்கள் நினைத்திருந்த நேரத்தில் கேட்டார்.

"மிஸ்ஸி, இது நாளைக்கு வரைக்கும் கெட்டுப் போகாம இருக்குமா?"

"ஃபிரிட்ஜ்ல வச்சா இருக்கும் அக்கா."

"அப்ப இப்ப குடிக்க வேணாம். காலைல கடைக்குக் கொண்டுவரேன். நாலாவது பீப்பாய்ல நம்பர் இறங்கிடுச்சு. அதைத் திறந்துட்டுக் குடிக்கலாம்."

"எனக்கும் உண்டா?" என்றார் என் கணவர், கண்ணாடியில் என்னைப் பார்த்தபடி.

"நீங்க பீப்பாயைத் தூக்கினா உண்டு" என்றார் அக்கா.